காலடியில் கத்தரித்த பெயர்

தெய்வத்தையும் சுவரையும் ஓர் ஆணியால் இணைத்துவைத்து வயிறு வளர்ப்பதே படத்துக்குச் சட்டம் போடுகிறவனின் தொழில். மயிலைக் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் முப்பதாண்டுகள் அதைச் செய்தேன். காலையில் நீறணிந்து, விளக்கேற்றி, ஒரு பதிகம் ஓதி முடித்தபின் கடை திறப்பேன். மாலையில் மற்றொரு பதிகம். இடைப்பட்ட நேரமெல்லாம் பிறருடைய ரசனையைச் சுமந்தேன். புடைவைக் கடையில் விரித்ததையே திரும்ப விரித்துக் களைத்தவர்களும், வளையல் கடையில் நின்று கால் வீங்கியவர்களும் இதைப் படித்தால், என் பற்கள் நறநறத்த ஓசை அவர்களுக்காவது கேட்கும். கீழே சொல்பவை பெரும்பாலும் அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் நிகழ்ந்தவை.

பன்னிரண்டு மாதத் தெய்வம்

தை பிறந்தால் என் கடையில் காலண்டர் குவியும். தேதித் தாள்கள் கிழிந்து தீர்ந்த பிறகும் மேலே முருகப் பெருமான் எஞ்சி நிற்பார். அவரைக் குப்பையில் போட அச்சம். பூசையறையில் வைக்கவோ, காலடியில் ஒரு பல்பொடிக் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் நிற்கிறது. அதற்குத்தான் நான். இறைவன் திருவடிக்குக் கீழே மனிதன் பெயர் நிற்கலாகாது என்பது என் கொள்கை. அளவுகோலை வைத்து, கத்தியை இழுத்தால் பல்பொடி போய்விடும். வெட்டிய பட்டையை எறிய மாட்டேன். சட்டத்துக்கும் அட்டைக்கும் நடுவே ஆடுகிற இடுக்கில் மடித்துச் செருகினால் படம் அசையாது நிற்கும்.

ஓவியரின் பெயரும் சில படங்களில் கடுகளவு எழுத்தில் அதே இடத்தில் இருக்கும். அதுவும் உடன் போகும். ஆயினும் வருகிறவர்களிடமெல்லாம், “இதை வரைந்தவர் யாரென்று தெரியுமா?” என்று கேட்பேன். ஒருவருக்கும் தெரியாது, அவர்களது அறியாமையில் எனக்கொரு மகிழ்ச்சி. கோபாலபுரத்திலிருந்து காரில் வந்த ஓர் அம்மையாரிடமும் கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “யாரு வரைஞ்சா என்னங்க, சாமி நம்மளப் பார்த்துச் சிரிச்சா போதாதா? மேல மூணு இன்ச் குறைச்சிடுங்க, ஸ்விட்ச் போர்டு இடிக்குது.”

சிரித்த முகத்தின் கிரீடம் போயிற்று. ஸ்விட்ச் போர்டு பிழைத்தது.

கோடம்பாக்கத்து மலைகள்

ஏகாம்பரம் என்பவர் கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் திரைச்சீலை எழுதுகிறவர். கதாநாயகன் பின்னால் தெரியும் இமயமலை, கதாநாயகி அழும்போது பின்னால் ஓடும் ஆறு எல்லாம் அவர் கைவேலை. ஓய்வுநாட்களில் நீர்வண்ணத்தில் மயிலைக் காட்சிகள் வரைந்து சட்டம் போட என்னிடம் கொண்டுவருவார். நான் மாலைப் பதிகம் ஓதிக்கொண்டிருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்கட்டிலேயே நிற்பார். கடைசிப் பாட்டு முடிந்தாலன்றி உள்ளே கால் வைக்க மாட்டார். சினிமாவுக்கு மலை எழுதுகிறவனுக்கு இவ்வளவு பண்பா என்று முதலில் நான் வியந்தது, என் இளக்காரத்தின் அளவைக் காட்டும்.

ஒருநாள், “உம் மலைகளைப் பார்க்கச் சினிமாவுக்குப் போவதுண்டா?” என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை. “நா போறதில்ல சாமி. எம் பொஞ்சாதி மங்காதான் இஸ்துக்கினு போவும். டைட்டிலு போடச் சொல்ல எழுத்துக்கூட்டிப் படிச்சிக்கினே வரும். தையல்காரர் பேரு வரும், டீ குடுக்கறவன் பேரு கூட வரும். எல்லாம் முடிஞ்சதும் திரும்பி என்னப் பாக்கும். அது ஒரு பார்வை சாமி, அதுக்கு வெளியவே குந்திகினு இருக்கலாம். ஒரே ஒரு வாட்டி, எவன் ஊட்டுச் செவுத்துலயாவது, என் பேரோட ஒரு படத்த அதுக்குக் காட்டிடணும்.”

நீலச் சோபா

தியாகராயநகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த தென்னாட்டு அண்ணாச்சி ஒருவர் புது வீடு கட்டி, முன்கூடத்துச் சுவருக்குப் படம் தேடி வந்தார். ஏகாம்பரத்தின் தெப்பக்குளம் மேசைமேல் இருந்தது. பாசி பிடித்த நீர். அதில் கோபுரம் தலைகீழாகத் தெரிகிறது. ஒரு படியில் யாரோ துவைத்துவிட்டுப் போன ஈரம் மட்டும் காயாமல் கிடக்கிறது. அந்த ஈரத்தை எழுத எத்தனை நாள் அந்தப் படியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அண்ணாச்சிக்கு எடுத்துரைத்தேன். பக்தியோடு கேட்டார். பிறகு மடியிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்துக் குளத்தின்மேல் வைத்துப் பார்த்தார். அது சோபாத் துணி.

“பச்சையால்லா இருக்கு. நம்ம சோபா நீலம். இதே குளத்த நீலத்துல போட்டுத் தரச் சொல்லுங்களேன்.” மயிலைக் குளம் பச்சை நிறந்தான் என்றேன். அண்ணாச்சி என்னை இரக்கத்தோடு பார்த்தார்: “குளத்த மாத்துறது லேசு ஐயா. சோபா தேக்குல்லா!”

சாமியைக் காணோம்

அடுத்த பங்குனியில் ஏகாம்பரம் அறுபத்துமூவர் திருவிழாவை வரைந்து கொண்டுவந்தார். படத்தை நிறைத்திருந்தவை தோள்கள். பல்லக்குச் சுமப்பவர்களின் தோள்கள், பின்னாலிருந்து பார்த்தபடி. தண்டு அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன தழும்பு, வியர்வையில் கரைந்து முதுகில் வழியும் நீறு, ஒருவர் கழுத்தைச் சற்றே சாய்த்து அடுத்தவருக்கு இடம் விடும் விதம். அந்தத் தோள்களுக்கு அப்பால், சுவாமி இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றுமில்லை. வண்ணமே தொடாத வெறும் வெள்ளைத் தாள். சுற்றிலுமுள்ள செம்மையும் மஞ்சளும் அதன் விளிம்புவரை வந்து தாமாக நின்றுவிட்டிருந்தன. மாலை வெயில் கடைக்குள் விழுந்தபோது அந்த வெறுந்தாள் கண்ணைக் கூசச் செய்தது. உருவம் கடந்தவன் என்று நாள்தோறும் நாவால் ஓதுகிறேன். கண்ணால் கண்டது அன்றுதான். அந்தத் தோள்களுக்குப் பின்னால் நானும் எம்பி எம்பி நின்றேன் என்றே சொல்ல வேண்டும்.

மாடவீதியிலிருந்து வழக்கமாக வரும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். “என்ன ஓய், அறுபத்துமூவர்ங்கறீர், ஸ்வாமியவே காணோமே! எல்லாம் முதுகுன்னா இருக்கு. இத ஆத்துல மாட்டிண்டா யாருக்குக் கற்பூரம் காட்டறது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காய்கறி வாங்கப் போனார்.

அவர் போனபின், சுவாமியை ஏன் எழுதவில்லை என்று ஏகாம்பரத்தை நானும் கேட்டேன். பெரிய தத்துவம் ஒன்றை எதிர்பார்த்தேன். அவர் காதைச் சொறிந்தார். “எந்தக் கலர்ல போடறதுன்னு தெர்ல சாமி. ராத்திரியெல்லாம் ரோசன பண்ணேன். தெரியாதத எதுக்குத் தொடணும்னு உட்டுட்டேன்.”

ஓர் அங்குலம்

படத்தை யாரேனும் நல்ல இடத்துக்காரர் வாங்கினால் கொடுத்துவிடச் சொல்லி, சட்டம் போட என்னிடம் விட்டுச்சென்றார். வலது கீழ் மூலையில், சுமப்பவர்களின் பாதங்களுக்கு அடியில், பச்சை வண்ணத்தில் ‘கோ. ஏகாம்பரம்’ என்று எழுதியிருந்தது. குழந்தைக்குப் பெயர் சூட்டுகிற கவனம் அந்த எழுத்தில் தெரிந்தது. கைவசமிருந்த நல்ல தேக்குச் சட்டமோ ஓர் அங்குலம் குட்டை. அளவுகோலை வைத்தேன், கத்தியை இழுத்தேன். பெயர் கண்ணில் படவில்லை என்று இப்போது எழுதினால் பொய்யாகும். பட்டது. இறைவன் உலாவரும் படத்தில் இவர் பெயர் எதற்கு என்று தோன்றியது; கை நிற்கவில்லை. சோழர் காலத்துச் செப்புத் திருமேனியில் வார்த்தவன் பெயரா இருக்கிறது? பட்டையை மடித்து வழக்கம்போல் ஏதோ ஒரு படத்தின் இடுக்கில் செருகினேன்.

இரண்டு நாள் கழித்து அடையாற்றிலிருந்து ஒரு கனவான் வந்தார். வெளிநாடெல்லாம் சுற்றியவர், கலைகளின் புரவலர் என்று தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொண்டார். படத்தின்முன் நெடுநேரம் நின்றார். பின் என் வாழ்வில் அதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்டிராத கேள்வியைக் கேட்டார்: “இதை வரைஞ்சது யார்?”

பல ஆண்டுகள் காத்திருந்த கேள்வி. கோடம்பாக்கத்தில் திரைச்சீலை எழுதுகிறவர் என்று சொன்னால் இம்மனிதர் முகம் சுளிப்பாரோ என்று ஒரு கணம் தயங்கினேன். அந்த ஒரு கணத்தில் என் புலமை முந்திக்கொண்டது. பெயர் பொறிப்பது நம் மரபில் இல்லை, செய்தவன் மறைந்து செய்த பொருள் நிற்பதே நம் முன்னோர் நெறி என்று ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்திவிட்டேன். கனவான் கண்களை மூடித் தலையசைத்தார். “நெனச்சேன். இது அந்தக் காலத்துக் கை. பேர் தெரியாத ஏதோ ஒரு மகான்.”

மறுக்க வாயெடுத்தேன். அவருடைய டிரைவர் படத்தைத் தூக்கிவிட்டார்.

அடையாற்று வரவேற்பறை

படம் ஒரு பெரிய வீட்டுக்குப் போகிறது என்று சொன்னபோது ஏகாம்பரம் என் காலைத் தொட வந்தார். ஞாயிறு மாலை நண்பர்களை அழைத்துப் படத்தைத் திறந்து காட்டப்போவதாகக் கனவான் சொல்லியிருந்தார்; ஆணியடிக்க என்னை வரச் சொல்லியிருந்தார். “அப்ப மங்காவ இட்டாந்துடறேன் சாமி” என்றார் ஏகாம்பரம். வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. ஏன் வேண்டாம் என்று சொல்லும் துணிவு அதனினும் இல்லை.

மங்கா அம்மாள் கல்யாணப் பட்டுப்புடைவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நண்பர்கள் காபிக் கோப்பையும் கையுமாக நிற்க, பெயரறியா மகானைப் பற்றிக் கனவான் பேசினார். என் சொற்பொழிவே பட்டும் சரிகையுமாகத் திரும்பி வந்தது. ஒருவர் படத்துக்கு நூறு வயது என்றார். மற்றொருவர் இருநூறு என்றார். தோளில் சுமந்துபோகிற ஆட்களில் ஒருவர், போன பங்குனியில் நம்மிடையே நடந்தவர், காலில் ரப்பர் செருப்பின் வார்த் தழும்போடு அந்தப் படத்தில் நிற்பதை ஒருவரும் காணவில்லை.

மங்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அருகே சென்றார். வலது மூலையில் விரலை வைத்தார். இடது மூலைக்கு நகர்ந்தார். மேலே பார்த்தார். பிறகு திரும்பி ஏகாம்பரத்தைப் பார்த்தார். சினிமாக் கொட்டகையின் அந்தப் பார்வையை நான் கேட்டிருந்தேன்; அன்று கண்டேன்.

ஏகாம்பரம் முன்வந்து, “நான்தாங்க போட்டது. பேரு எப்படியோ பூட்ச்சி. ஒரு பிரஸ்ஸு குடுங்க, இப்பவே போட்டுர்றேன்” என்றார். அவர் சொல்வது மெய்தான், வரைந்தவர் அவரே என்று நானும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கனவான் எங்கள் இருவரையும் பார்த்தார். தம் நண்பர்களைப் பார்த்தார். பிறகு ஏகாம்பரத்தின் தோளில் அன்போடு கை வைத்தார்: “வேண்டாம்ப்பா. பேர் இல்லாததுதான் இதுக்கு அழகே. இப்போ போட்டா ஸ்பாயில் ஆயிடும்.”

கடைசிப் பாட்டு

பத்து நாள் ஏகாம்பரம் வரவில்லை. பதினோராம் நாள் மாலைப் பதிகம் ஓதிக்கொண்டிருக்கையில் படிக்கட்டில் நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. முடித்ததும், என் கத்தியின் வேலைதான் என்று கண்டுகொண்டவராய், பெயர் இருந்த அந்தத் துண்டு எங்கே என்று மட்டும் கேட்டார். மங்காவிடம் காட்ட வேண்டுமாம். அதை வெட்டிய வாரம் கடையிலிருந்து போன படங்களை எண்ணிப் பார்த்தேன். ஏழு வீடு, ஏழு தெய்வம். எதன் முதுகில் அந்தப் பெயர் முட்டுக் கொடுத்து நிற்கிறதோ, யானறியேன். அதைச் சொல்லக் கூசி, என் கொள்கையை விரித்தேன்: இறைவன் திருவடிக்குக் கீழே மனிதன் பெயர் நிற்கலாகாது, அடியவனுக்கு அழகு, தன்னை மறைத்துக்கொள்வது.

முழுவதும் கேட்டார். பிறகு, முதன்முறையாக என்னை ஒருமையில் அழைத்துச் சொன்னார்: “நாலு வருசமா இந்தப் படிக்கட்டுல நின்னு கேட்டுக்கினுதான் கீறேன் சாமி. தெனைக்கும் கடைசிப் பாட்டுல, பாடனவரு தன் ஊரச் சொல்லி, தன் பேரயும் சொல்லிக்கிறாரே, சாமி காலாண்ட குந்திகினுதான அதச் சொல்றாரு? அத மட்டும் ஏன் நீ கத்தரிக்காம பாடற?”

வரைந்தவர் யாரென்று ஒருவரும் கேட்பதில்லையே என ஊரையெல்லாம் முப்பதாண்டுகள் ஏளனம் செய்தவன் நான். கேட்க ஒருவர் வந்த அன்று, பதிலைக் கத்தரித்து வேறொரு படத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தவனும் நானே.