லொறி கிளம்புமுன் சொன்னவர்

இல்லை, சரோஜா அம்மாவை நான் முழுதாக நம்பியதில்லை. எங்கள் தோட்டத்து மிட்வைஃபான அவர் இறந்துவிட்டார் என்று நாவுல ஊருக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் சொன்னபோதும், "எப்பிடி?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"நெஞ்சு வலியாம். அதுலயும் ஒனக்குச் சந்தேகமாடா?" என்றான்.

இங்கே அஞ்சலிக்குக் கூடியிருக்கும் உங்களில் பலருக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவர் அவர். எனக்கோ, நம் சனத்தைக் குறைக்க அரசாங்கத்தால் அனுப்பப்பட்ட ஆள் என்றே பட்டது. பிள்ளை தங்காமலிருக்க அவர் தந்த குளிசை மாத்திரையைப் போட்டும் அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை உண்டானது. "பொய்க் குளிசையா குடுக்குறீங்க?" என்று எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் மறித்தேன்.

அவர் என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். "எப்பெப்பப் போட்ட?"

மச்சான் கொழும்பில் கடையில் நிற்கிறார். அவர் வீட்டுக்கு வரும் நாட்களில் மட்டும் போட்டிருக்கிறாள். லயத்தில் பாதிப் பெண்கள் அப்படித்தான்.

"குளிசை முட்டைய வெளிய வர விடாது, தாயி. தெனம் போட்டாத்தான் அந்த வேல நடக்கும். புருஷன் வர்ற பஸ்ஸப் பாத்துப் போடுறதில்ல."

அக்கா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

குழந்தைக்குப் பல் முளைத்த நேரம், ஆபரேஷனுக்குப் பெண்களை ஏற்றிப்போகத் தோட்டத்து லொறி வந்தது. பின்னால் அக்காவும் ஏறியிருந்தாள்; முன்சீட்டில் சரோஜா அம்மா. நான் நினைத்தது சரிதான் என்று ஓடினேன். அவர் இறங்கி வந்து, ஏறியிருந்த ஒவ்வொருத்தியிடமும் சொன்னார்: "கொழாயக் கட்டிருவாங்க. முட்டையும் ஆம்பள வித்தும் சேராது. பெறகு புள்ள வேணும்னு அழுதாலும் கெடைக்காது. தெரிஞ்சு போ."

"பேசாம வாங்க, நேரமாகுது," என்றார் லொறியோடு வந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை.

"ஒங்களுக்கா கட்டப் போறாங்க?" என்று திருப்பிக் கேட்டார் சரோஜா அம்மா.

லொறியே சிரித்தது. அக்கா இறங்கிவிட்டாள். இன்னொரு பிள்ளை வேண்டும், ஆனால் இப்போது வேண்டாம் என்றாள்.

"அப்ப ஒனக்கு லூப்பு. கர்ப்பப்பைக்குள்ள வைப்பாங்க. ஆம்பள வித்த முட்டையோட சேர விடாது. கழட்டினா மறுபடி புள்ள தங்கும்."

பிறகு மற்றவர்களோடு அதே லொறியில் போனார். நீங்கள் யார் பக்கம் என்று, அவர் திரும்பி வந்ததும் கேட்டேன். "போறவ கையையும் யாராச்சும் புடிக்கணும்ல?" என்றார். அது பதிலா, நழுவலா என்று இன்றும் தெரியாது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: செய்யப்போவதைப் பிறகு மாற்ற முடியுமா என்று முதலிலேயே கேட்பது. அவர் சொன்னதையும் அப்படித்தான் கேள்வி கேட்கிறேன். அக்கா இன்றைக்கு மாத்தளை ஆஸ்பத்திரியில் லூப்பைக் கழற்றப் போகிறாள். மறுபடி தங்கும் என்று சொன்னவர் இல்லை. தங்காவிட்டால் யாரைப் போய் மறிப்பது? மாத்தளை பஸ் வந்துவிட்டது, அக்கா கூப்பிடுகிறாள். நான் போக வேண்டும்.