வாசலில் அத்தான் சொன்ன சொல்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அத்தானின் கடையில் ஐஸ்கிறீம் குடித்திருப்பீர்கள். இரண்டாவது கிண்ணம் கேட்காமலே வந்திருக்கும். அவர் இல்லாத முப்பத்தோராவது நாளில், அவர் எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த கதையை எழுதுகிறேன்.

அத்தான் இத்தாலியின் தெற்கே ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆறு வயதில் தாயை இழந்தார். யூரோ புழக்கத்துக்கு வந்த குளிர்காலத்தில் பிராங்பேர்ட்டில் வந்திறங்கி, ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். பக்கத்தில் மரக்கறி வெட்டியவர் என் அக்கா. இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜேர்மன் மொழி மட்டுமே. அதை வைத்துக்கொண்டு எப்படிக் காதலித்தார்கள் என்பது எனக்கு இன்றும் புதிர். கேட்டால் அக்கா, “பிழையாக் கதைச்சா ரெண்டு பேரும் சிரிப்பம், பிறகென்ன?” என்பார்.

அம்மா சம்மதிக்கவில்லை. “சாமியும் வேற, சாப்பாடும் வேற. இவள் ஆரோட தமிழ் கதைக்கிறது?” என்றார். அம்மா சம்மதிக்காமல் கலியாணம் இல்லை என்று அக்காவும் சொல்லிவிட்டார். ஆகவே ஒரு ஞாயிறு அத்தானே கேட்க வந்தார். “வணக்கம் அம்மா” என்ற இரண்டு சொற்களை அக்கா ஒரு கிழமையாகப் பழக்கியிருந்தார். கதவைத் திறந்தவர் அம்மா. அத்தானின் முகமெல்லாம் வியர்வை. வாயில் வந்தது, “வணக்கம் மாமி!”

“பொம்பிளை கேக்க முதலே மாமியாம்!” என்று நான் சிரித்தேன்.

“நீ வாயை மூடடா,” என்ற அம்மா, கதவை அகலத் திறந்து, “உள்ளுக்கு வாங்கோ தம்பி” என்றார். அடுத்த ஆவணியில் கலியாணம்.

பிறகு சொந்தக் கடை. உலகக் கிண்ண உதைபந்துக் கோடையில் வாசலில் வரிசை நின்றது. இத்தாலி ஜேர்மனியை வென்ற மறுநாள் மட்டும் ஓர் ஆளும் வரவில்லை. அத்தானும் அம்மாவும் இருந்து மாம்பழ ஐஸ்கிறீமைத் தாங்களே முடித்தார்கள். அடுத்த ஆண்டு இரண்டாவது கடை திறந்தது. தமிழையும் கைகளை வீசி வீசிப் பிடித்துக்கொண்டார். “மாமி எண்டு நான் தெரிஞ்சுதான் சொன்னனான்!” என்று எங்களுக்குப் பெருமை வேறு அடிப்பார்.

கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில் நான் கேட்டேன்: “அத்தான், இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கோ.”

“மாமியைக் கேளும்,” என்று கண்ணைச் சிமிட்டினார்.

அம்மா போர்வையைச் சரிசெய்தபடி சொன்னார்: “எனக்கு அண்டைக்கே தெரியும். நான் அப்ப துப்புரவு செய்த பாலர் பள்ளியில காலமை காலமை பிள்ளையள் ‘மாமி, மாமி’ எண்டு அழுறதுகள். ஜேர்மன் பிள்ளையளுக்கு அது அம்மா. அரைகுறை ஜேர்மன் கதைச்ச இவருக்கும் பயத்தில அதுதான் வந்தது. தாயைக் கூப்பிட்டு வந்த பிள்ளையை வாசலோட அனுப்பலாமே?”

அத்தான் அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

இரவு பகலாகப் பார்த்த தாதியருக்கும், கடைகளைப் பூட்டவிடாமல் நடத்திய நண்பர்களுக்கும், இத்தாலியிலிருந்து ஓடிவந்த அவரது சகோதரர்களுக்கும், பாதிரியாருக்கும் ஐயருக்கும் எங்கள் நன்றி.

இந்த மலரின் முதற்பக்கத்தில் அம்மாவின் பெயருக்கு முன் ‘மாமியார்’ என்றுதான் எழுதியிருந்தோம். அம்மா அதை வெட்டி, ‘தாயார்’ என்று தன் கையால் எழுதித் தந்தார். அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.