ட்ரீட்டபிள், க்யூரபிள்

ஆஸ்பத்திரியில் டாக்டர் பேசும் ஆங்கிலத்தை நோயாளிகளுக்குத் தமிழில் சொல்வதுதான் அவள் வேலை. அன்று எதிரே ஒரு தையல்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர், "ட்ரீட்டபிள்" என்றார்.

"சரி பண்ணலாமாம்," என்றாள் அவள், வழக்கம்போல.

மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தீங்களா? மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தீங்களே! பொண்ணு கல்யாணத்தை இப்ப அவசரப்பட்டு வைக்க வேணாம். ஆற அமர அடுத்த வருஷம் பண்ணிக்கலாம்."

மொழிபெயர்த்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டர் க்யூரபிள் என்று சொல்லவில்லையே. க்யூரபிள் என்றால் நோய் விட்டுப் போகும். ட்ரீட்டபிள் என்றால் மருந்தால் அடக்கி வைக்கலாம், அவ்வளவுதான். எத்தனை நாளைக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டாள்.

டாக்டரிடம் தன் தவறைச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். "அக்கா, நான் தப்பாச் சொல்லிட்டேன். மருந்து இருக்கு. வலி குறையும், நடமாடலாம். ஆனா நோய் முழுசாப் போகாது."

தையல்காரர் மனைவி பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளைக்குக் கோட்டு நான்தான் தைப்பேன்னு சொல்லியிருக்கேன். நாளைக்கே அளவு கொடுக்க வரச் சொல்லு. அவருக்குத் தொப்பை வேற, துணி ஜாஸ்தி பிடிக்கும்."

மனைவி சிரிக்கவில்லை. கணவர் கையைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"அடுத்த மாசமே கல்யாணத்தை வெச்சா இவரு நிப்பாரான்னு கேளும்மா. டாக்டர் சொல்றதை அப்படியே சொல்லு."