ஆன்டிவைரஸ் பூட்டிவைத்த சிரிப்பு

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதம், களத்தில் மிளகாய்ப் பழம் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் என்னைப் பெற்ற அய்யா இறந்துபோனார். கமுதிப் பக்கம் எங்கள் ஊர். கருமாதிக்கு மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டுமே! அய்யாவோ கேமராவைக் கண்டாலே முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வார். அவர் வாய்விட்டுச் சிரித்த படம் ஒன்றே ஒன்றுதான். என் கல்யாணத்தில் எடுத்தது. அச்சடித்த ஆல்பம் மழை ஒழுகி ஒட்டிப்போய்விட்டது. எடுத்த ஸ்டூடியோவையும் மூடிவிட்டார்கள். ஆல்பம் மொத்தத்தையும், தொட்டால் பாட்டோடு தானாகப் பக்கம் புரளும்படி ஒரே ஃபைலாக அவர்கள் போட்டுக்கொடுத்த பென்டிரைவ் மட்டும் மிச்சம்.

அதை எடுத்துக்கொண்டு இராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினேன். செருகியதுதான் தாமதம், திரை முழுக்கச் சிவப்பு. ஆன்டிவைரஸ் அதை வைரஸ் என்று சொல்லி, கேட்காமல் கொள்ளாமல் ஃபைலைத் தூக்கிவிட்டது. பென்டிரைவ் காலி.

"ஐயோ, அதுலதான எங்க அய்யா இருக்காக!" என்று, கடை என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

கடைக்காரத் தம்பி பதறிப்போனார். "அழுவாதீங்கக்கா. ஸ்டூடியோ ஃபைலப் பாத்தா சில நேரம் இது சும்மாவே கத்தும். அழிச்சிருக்காது, தனியாப் பூட்டித்தான் வச்சிருக்கும். நல்லாச் சோதிச்சுட்டு எடுத்துத் தாரேன்" என்று, எந்தப் படம் என்பதையும் ஊர் பேரையும் கருமாதி நாளையும் கேட்டுக்கொண்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி வாங்கி வந்தேன். அம்மா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது அவுக இல்ல" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கருமாதியன்று காலையில் அந்தத் தம்பியே பைக்கில் வந்து இறங்கினார். வைரஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லையாம். கையில் பிரிண்ட் போட்ட படம். அதில் அய்யா, பக்கத்தில் நிற்கும் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தி! உசுரோட இருக்கவ படத்துக்கு மாலை போடலாமாடி? ஒன்னய மட்டும் வெட்டி எடுத்துருவோம்" என்று பெரியம்மா அம்மாவிடம் பதறினாள். தம்பியும் தயங்கித் தயங்கிக் கத்தரிக்கோல் கேட்டார்.

அம்மா எழுந்து வந்து படத்தை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "என்னயப் பாத்துத்தான சிரிச்சாக. என்னய வெட்டிட்டா யாரப் பாத்துச் சிரிப்பாக?" என்றாள். அய்யா போன நாளிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள். வந்த தம்பியும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படத்தை வெட்டவில்லை. அம்மாவுக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. மாலையை அய்யா பக்கமாக ஒதுக்கிப் போடுகிறாள், அவ்வளவுதான். இரண்டு வீண் பயங்களைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்த சிரிப்பு அது. ஆனாலும் அதற்கு எதிரே அம்மா தனியாக நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.