புயல் திரும்பும் பக்கம்

புளியறை சோதனைச்சாவடிக்கு முன்னால் கேரளா போகும் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. மழைக்கு ஒதுங்கிய எனக்குப் புரோட்டா வைத்துவிட்டு, கடைக்காரப் பாத்திமா கைப்பேசியைப் பார்க்கிறார். அரபிக்கடலில் புயல். அவருடைய கணவருக்கு ஓமன் கடற்கரையில் வேலை.

“அண்ணே, இது ஏன் எப்பவும் ஒரே பக்கமா சுத்துது?”

செயற்கைக்கோள் படத்தை நீட்டுகிறார். அழுத்தம் குறைந்த நடுவை நோக்கிப் பாயும் காற்றை, பூமியின் சுழற்சி வலப்புறம் விலக்குகிறது. அதனால் இங்கே புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகின்றன, பூமத்திய ரேகைக்குத் தெற்கே நேர்மாறாக என்கிறேன்.

“சுத்துறது சரி. எங்கன போகணும்னு யாரு சொல்லுதா?”

“உயரத்துல வீசுற பெரிய காத்துதான் தள்ளிட்டுப் போகும். அது மாறுனா புயலும் திரும்பும்.”

உடனே கணவரை அழைத்து, ஒலிபெருக்கியில் போடுகிறார்.

“ஏங்க, அங்கன ஒசரத்துல மேகம் எந்தப் பக்கமா ஓடுது?”

“மேகமா? எங்களை ஒரு பள்ளிக்கூடத்துல கொண்டாந்து வச்சிருக்காவ. ஜன்னலெல்லாம் அடச்சாச்சு, ஒண்ணும் தெரியல.”

பாத்திமா கைப்பேசியில் மறுபடி செயற்கைக்கோள் படத்தைத் திறக்கிறார்.

“சரி, நீங்க வெளிய வராதீங்க. நான் இங்கன இருந்து பாத்துச் சொல்லுதேன்.”