வாசற்படியில் ஒரு கால்

என் அக்கா புருஷனுக்கு லிஃப்ட் ரிப்பேர் தொழில். நடுமாடியில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து பேச்சுக் கொடுத்தே பயத்தைப் போக்கி வெளியே கொண்டுவந்துவிடுவார். அந்த வாய் வீட்டில் மட்டும் திறக்காது. அக்கா வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் வேலைக்குப் போன பிறகு, மனசில் இருப்பதைச் சொல்ல அவர் கண்டுபிடித்த வழி கம்ப்யூட்டரில் ஒரு கேம் செய்வது. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் சேர்த்து நானே சிரித்து முடித்துவிட்டேன்.

கதை சின்னது. ஒரு வீரன் ஊர் ஊராகச் சுற்றி, ராட்சசர்களை ஜெயித்து, வீடு திரும்ப வேண்டும். விளையாடுகிறவர்தான் அந்த வீரன். இந்த மாதிரி கேம்களில் சண்டைக்குப் பின்னணியாகப் படம் வரைந்து வைப்பார்கள். மாமா வரைந்தால் குதிரையும் நாற்காலியும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் போனில் வீடியோ எடுத்து அதையே பின்னால் ஓடவிட்டார். எரிமலைக்கு கேஸ் அடுப்பு. பாதாளத்துக்கு, லிஃப்ட் கூரைமேல் உட்கார்ந்து இறங்கிக்கொண்டே எடுத்த சுவர். கடல் சுழலுக்கு வாஷிங் மிஷின் கண்ணாடி. சரிபார்த்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

"மாமா, ராட்சசனுக்குப் பின்னாடி உங்க நீலச் சட்டை சுத்துது."

"இருக்கட்டும் மாப்ள. அவ கண்டுபிடிச்சுடுவா, சிரிப்பா."

மொத்த உலகத்திலும் அந்த கேமை விளையாட ஆள் அக்கா ஒருத்திதான்.

அந்த வீடியோக்கள் எல்லாமே குட்டி குட்டியானவை. முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி ஓட வேண்டுமென்றால் ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட வேண்டும். மறந்தால் கடைசிக் காட்சியோடு அப்படியே உறைந்து நின்றுவிடும்.

அக்காவின் ஒப்பந்தம் முடியப்போகிற சமயம் அது. இன்னும் சில வருஷம் இருக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். அவள் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன் மாமா!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அவளுக்குப் பிடிச்ச வேலை மாப்ள. நான் எப்படி வான்னு சொல்றது?"

சொல்லிவிட்டு, வீரன் வீடு வந்து சேரும் கடைசிக் கட்டத்தைச் செய்ய உட்கார்ந்துவிட்டார். அதற்கு எடுத்தது, அக்கா இங்கே இருந்தபோது பிடித்த வீடியோ. புதுத் திரைச்சீலை மாட்டிவிட்டு, அது காற்றில் ஆடுவதைப் படம் பிடித்திருக்கிறார். பக்கத்தில் வாசல் தெரிகிறது. கதவு திறக்கிறது. வேலை முடிந்து வந்த அக்கா, தோளில் பையோடு ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கிறாள். அந்த இடத்தில் போனில் இடம் தீர்ந்து வீடியோ நின்றுபோயிருந்தது.

"அவ வர்றதுக்கு முன்னாடியே வெட்டிடுங்க. இல்லன்னா திரும்பத் திரும்ப வந்து வந்து காணாமப் போவா" என்றேன். நன்றாகத் தலையாட்டினார். வெட்டவில்லை. கேமை அப்படியே அக்காவுக்கு அனுப்பிவிட்டார். அனுப்பின அவசரத்தில் அந்த ஒன்றுக்கு டிக் போடவும் மறந்திருக்கிறார்.

அவளுடைய விடுமுறை நாளில் போன் வந்தது. மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"அந்த நீலச் சட்டைய இன்னும் தூக்கிப் போடலையா நீங்க?"

மாமாவுக்கு வாயெல்லாம் பல். நானும் சிரித்தேன். அப்புறம் அவள் குரல் இறங்கியது.

"எல்லாரையும் ஜெயிச்சு வீட்டுக்கு வந்துட்டேங்க. ஆனா வாசல்லயே நிக்கிறேன். ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. அசையவே மாட்டேங்கறேன்."

"ஐயையோ, டிக் போடல. இரு, இப்பவே சரி பண்றேன்."

கேமைத் திறந்து, டிக் போட்டு, ஓடவிட்டார். அக்கா வந்தாள், காலை வைத்தாள், காணோம். மூடின கதவும் திரைச்சீலையும்தான் இருந்தன. மறுபடி வந்தாள். மறுபடி காணோம். மாமா வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வந்து உக்கார்ற மாதிரி இல்லையா?" என்று ஸ்பீக்கரில் கேட்டாள்.

"போன்ல இடம் தீர்ந்துடுச்சும்மா."

பிறகு, எத்தனையோ முறை நான் கெஞ்சியும் திறக்காத வாயைத் திறந்து மாமா சொன்னார்: "வந்துடேன்."



"இங்கயே இருக்கேன்னு நேத்துதாங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்" என்றாள். "நீங்க ஒண்ணுமே சொல்லலையேன்னு."

மாமா மறுபடி கேம் பக்கம் திரும்பினார். மவுஸை நகர்த்தும் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"என்ன பண்றீங்க?"

"டிக்க எடுக்கறேன்."

"ஏங்க?"

"ஓடவிட்டா ஒவ்வொரு தடவையும் போயிடற. இப்படின்னா வாசல்லயாவது நிப்ப."