இரண்டு கல்லூரிக்கும் நடுவே பதினோரு நாள்

1. புதுப் பிரிவு

தேர்வுப் பிரிவிலிருந்து என்னை அட்மிஷன் பிரிவுக்கு மாற்றிய முதல் நாள், முதலில் வந்தவள் நஸ்ரீன். பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முதல் வருடம் முடித்திருந்தாள். கோவையில் எங்கள் கல்லூரியில் சீட் கிடைப்பது லேசில்லை. போன வருடம் அரை மார்க்கில் விட்டிருந்தாள். இப்போது இரண்டாம் வருடத்தில் ஒரு சீட் காலி என்று கேள்விப்பட்டு, அவள் அத்தாவோடு வந்திருந்தாள்; அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள். அவர் டெய்லர்.

"ஏனுங் மேடம், என்னென்ன காயிதம் வேணுமுங்க?" என்று அவர் கேட்டார்.

எனக்கும் தெரியாது. ஃபைலில் இருந்த ஒரு சர்க்குலர் முதலில் பழைய கல்லூரியிடம் ஆட்சேபணை இல்லை என்ற என்.ஓ.சி. என்றது, இன்னொன்று டி.சி.யோடு விண்ணப்பம் என்றது. மீட்டிங்குக்கு ஓடிக்கொண்டிருந்த பிரின்சிபாலை வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன்.

"டி.சி. இல்லாம எப்படிங்க சேர்க்கறது?" என்றார்.

அது கேள்வியா, உத்தரவா என்று நான் யோசிக்கவில்லை. "டி.சி. வாங்கிட்டு வந்துருங்க" என்று சொல்லிவிட்டேன்.

2. எந்த காலேஜ்?

மூன்றாம் நாள் டி.சி.யோடு வந்தாள். அன்று காலைதான், விலகுவதாக எழுதிக் கொடுத்திருந்த மாணவன் போகவில்லை என்று கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அந்தக் கடிதத்தை மட்டும் வைத்து, சீட் காலி என்று நான் எண்ணியிருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை.

"அப்ப நா இப்ப எந்த காலேஜுங்க மேடம்?"

டி.சி. கொடுத்ததுமே பழைய கல்லூரியில் அவள் பெயரை எடுத்திருந்தார்கள். பழைய கல்லூரிக்கு போன் செய்தால், நீங்கள் சேர்க்கவில்லை என்று லெட்டர் வேண்டும் என்றார்கள். எங்கள் பிரின்சிபாலோ, "சேர்க்காத புள்ளைக்கு, சேர்க்கலைன்னு எப்படிங்க லெட்டர் தர்றது?" என்றார். இருவர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. ஒரு வாரம் இதிலேயே போயிற்று. அங்கே வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

3. பெருந்துறை

கடைசியில், தவறான தகவல் தந்தது நான்தான் என்று எழுதி, பிரின்சிபாலிடம் கெஞ்சிக் கையெழுத்து வாங்கினேன். பதினோராம் நாள் அப்பா, மகளோடு பஸ் ஏறினேன்.

அங்கே பிரின்சிபால் ஒரு அம்மா. கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இப்படி எழுதிக் குடுத்தா உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"தெரியலீங்க மேடம்."

பிறகு கிளார்க்கைக் கூப்பிட்டு, "டி.சி.ய கேன்சல் பண்ணி, பழைய ரோல் நம்பர்லயே சேத்துப்போடுங்க. யுனிவர்சிட்டி பர்மிஷனுக்கு நா எழுதிக்கறேன்" என்றார். நஸ்ரீனிடம், "லேபுக்குப் போ கண்ணு" என்றார். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பஸ் ஸ்டாப்பில் அவள் அத்தா சொன்னார்: "நீங்க வந்ததே பெருசுங்க மேடம். ஆனா புள்ள உங்க காலேஜுலதானுங்க படிக்க ஆசப்பட்டுச்சு."

நான் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு மெமோ வந்தது. எந்த சர்க்குலர் சரி என்பதில் இன்றும் குழப்பம்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தெரியாவிட்டால், "தெரியலீங்க, விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிடுங்கள். அன்று அந்தக் கவுண்டரில் எனக்கு அது வாயில் வரவில்லை.